பொருள்: பிரம்மசக்தி இனி விமானப் பக்கம் போகமாட்டாள்

தென்காசி,
ஆடி 9, வியாழக்கிழமை.

என் மரியாதைக்குரிய மச்சான் வேல்ராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை மஞ்சுவின் வீட்டுக்காரனும் ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளருமாகிய சுடலைமணி பணிவுடன் எழுதிக்கொண்டது. தாம்பரத்தில் தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள், அக்காவின் முழங்கால் வலி சொன்னபடி கேட்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்று என்று எழுதியதுமே தாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர்தான் இருக்க வேண்டும். மூன்றாவது ஆள் தங்கள் மருமகள் பிரம்மசக்திதான். வந்து எட்டு நாளாகிறது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். விமானப் படையில் இருபது வருஷம் இன்ஜின் சத்தத்தில் நின்று தங்களுக்கு வலது காது கேட்காது. கேட்கிற இடது காதைப் போனில் வைக்கவும் மாட்டீர்கள். தாங்கள் பேசுவதை மட்டும் பேசிவிட்டு "சரிதானே மாப்பிள்ளை?" என்று வைத்துவிடுவீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை நர்சிங்கில் சேர்க்கலாம் என்று நான் இருந்தபோது, விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பில் சேர்த்துவிட்டதாகத் தாங்கள் சொன்னதும் அப்படி ஒரு போனில்தான். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மகள் இனி விமானத்தைப் பழுது பார்க்கிற அந்த ஹேங்கருக்குப் போகமாட்டாள். இது தகப்பனுடைய முடிவு. தாங்கள் ரயிலேறி வந்து சத்தம் போட வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வாரம் புதன்கிழமை காலை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கேட் சத்தம் கேட்டு மஞ்சு எட்டிப் பார்த்தால் இவள் இரண்டு பையோடு நனைந்துகொண்டு நிற்கிறாள். "ஏட்டி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கே?" என்று கேட்டதற்கு "லீவும்மா" என்றாள். எத்தனை நாள் என்றால் "தெரியல" என்றாள். மச்சான், இருபத்தொன்பது வருஷம் காவல் துறையில் இருந்தவன் நான். தெரியவில்லை என்று சொல்கிறவருக்கு எல்லாம் தெரியும் என்பது என் அனுபவம். எழுத வேண்டிய தாள்களில் இரண்டைத் தவிர எல்லாம் தேறியவள். எழுபத்தைந்துக்கு ஒரு மார்க் குறைந்தாலும் பெயில் என்கிற பரீட்சையில் எண்பதுக்குக் கீழே இறங்காதவள். ஏழு மாதமாகத் தங்கள் ஊர்ப் பக்கமே ஹாஸ்டலில் தங்கி, ஹேங்கரில் நிஜ விமானத்தில் செய்முறைப் பயிற்சி பெறுகிறவள். அவளுக்கு ஏது லீவு? ஆகவே அன்றைக்கே விசாரணையைத் தொடங்கிவிட்டேன். தனி நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தேன். காலை ஒன்பது பத்து, இட்லி மூன்று, வழக்கமாக ஆறு. பத்து மணிக்குச் செல்போன் அடித்தது, எடுக்கவில்லை, கவிழ்த்து வைத்தாள். பதினொன்றரைக்குச் சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மூன்று சாட்சியத்தையும் கூட்டிப் பார்த்ததில் காதல் விவகாரம் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. பையன் யார் என்பதுதான் பாக்கி.

இதற்கிடையில் அவள் சமையலறைக்குள் புகுந்து, செல்ப்பில் விரித்திருந்த பேப்பரின் மேல் கரண்டி, ஜல்லிக்கரண்டி, இடுக்கி, தேங்காய்த் துருவி ஒவ்வொன்றையும் படுக்க வைத்துச் சுற்றிலும் மார்க்கரால் கோடு போட்டுவிட்டாள். எடுத்தால் அந்த இடம் காலியாகத் தெரியுமாம். எது குறைகிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாமாம். மஞ்சு கத்தினாள், "ஏட்டி, கரண்டி செத்துக் கெடந்த எடத்துல போலீஸ்காரன் கோடு போட்ட மாதிரில்லா இருக்கு! சுத்தமா வச்சிருந்த செல்ப்பு!" இருந்தாலும் மறுநாளே, "தோசைத் திருப்பி எங்க, எடம் காலியா கெடக்கு?" என்று என்னைத்தான் பிடித்தாள். முதுகு சொறிய நான்தான் எடுத்திருந்தேன். ஒரு மனிதனுக்குத் தன் வீட்டிலேயே இருந்த சுதந்திரம் அன்றோடு போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அவள் "குத்தாலம் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினாள். ஆள் அகப்பட்டான் என்று நினைத்தேன். அடையாளம் தெரியாமல் இருக்க மாதாகோயில் சுற்றுலாவுக்குப் போனபோது மஞ்சு வாங்கிய குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். ஐந்தருவியில் இறங்கினாள். சீசன் என்றால் தெரியுமே, தலை வைக்க இடமில்லை. ரம்புட்டான் விற்கிறவனுடைய தள்ளுவண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துகொண்டேன். அவள் குளிக்கவுமில்லை, யாரையும் தேடவுமில்லை. சிப்ஸ் கடைக்கு எதிரே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் போயிற்று. எனக்குக் கால் மரத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, பந்தோபஸ்துக்கு நின்ற ஏட்டு ஒருவர் என்னைக் கண்டுகொண்டு, விறைப்பாகச் சல்யூட் வைத்து, "சுடலைமணி ஐயா! வணக்கம் ஐயா! கீழ விழுந்துட்டீங்களா ஐயா?" என்று அருவிச் சத்தத்தையும் மீறிக் கத்தினார். மகள் திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்தாள். "எப்பா, குல்லாயைக் கழத்துங்க. உங்களுக்கு வேர்க்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள் மச்சான். கோபிக்கக்கூட இல்லை. எனக்குத்தான் ஒருமாதிரி ஆகிவிட்டது.

சூடாக நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். "யாருளா அவன்?" என்று கேட்டேன். "கண்ணாடிப்பா" என்றாள். இது என்ன பெயர், எந்த ஊர்க்காரன் என்று நான் யோசிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். பல் டாக்டர் வைத்திருப்பாரே, நீளக் கைப்பிடியில் சின்னதாக ஒரு கண்ணாடி, அதுபோல ஒன்று. விமானச் சக்கரத்துக்கு மேலே இருக்கிற பொந்துக்குள் கண் போகாத இடத்தைப் பார்க்க வைத்திருப்பார்களாம். அவளும் ஒரு மெக்கானிக்கும் அன்றைக்கு அங்கே வேலை பார்த்து முடித்து, மூடியை மூடி, சாமான்களை எண்ணியிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியைக் காணோம். இதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு சாமான் குறைந்தால் அது கிடைக்கிற வரைக்கும், அல்லது விமானத்துக்குள் இல்லை என்று உறுதியாகிற வரைக்கும் விமானம் நகரக் கூடாது. மூடியதையெல்லாம் திறந்து தேடியிருக்கிறார்கள். நூற்றெண்பது பயணிகள் காத்துக்கிடந்தார்கள். மூன்று மணி நேரம்.

"எல்லாரும் எங்கிட்ட கேட்டாங்கப்பா. பெட்டியில வச்சேன், என் கையால வச்சேன்னு அடிச்சுச் சொன்னேன். சத்தியம் பண்ணுனேன். கடைசியில தண்ணி குடிக்கக் குனிஞ்சேன். என் பேன்ட்டு கால் பையில குத்திச்சு."

"அப்பவே நைசா பெட்டிக்குள்ள போட்டுட வேண்டியதானே? யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டேன் மச்சான். பெற்ற தகப்பன் நான்தான் அப்படிக் கேட்டேன்.

"போட்டிருக்கலாம். யாரும் பாக்கல. ஆனா எங்க இருந்திச்சுன்னு தெரியாம அவங்க எப்படிப்பா பிளேனை விடுவாங்க? அதான் நேரா போய்ச் சொல்லிட்டேன்."

மேனேஜர் எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அதற்குத்தான் ஓடி வந்தாயா என்றால், இல்லையாம். "திட்டினது சரிதாம்ப்பா. அது இல்ல. நான் பொய் சொல்லலப்பா. வச்சேன்னுதான் நெசமா நெனச்சேன். பெட்டிக்குள்ள அது கெடக்குதது என் கண்ணுக்குள்ள தெரிஞ்சிச்சு. நாளைக்கு ஒரு போல்ட்டை முறுக்கிட்டேன்னு இதே மாதிரி தெரிஞ்சா? லைசென்ஸ் வந்துட்டா நான்தான் கையெழுத்துப் போடணும். என் நெனப்பை நானே எப்படி நம்புததுன்னு தெரியலப்பா" என்றாள். சிப்ஸ் பொட்டலம் அப்படியே இருந்தது. எண்ணெய் காகிதத்தில் ஊறிவிட்டது. நான் எத்தனையோ பேரை விசாரித்திருக்கிறேன். இந்த மாதிரி ஒரு வாக்குமூலத்துக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சொல்லவில்லை.

இனி செவ்வாய்க்கிழமை நடந்தது. பக்கத்து வீட்டுப் பாண்டியைத் தங்களுக்குத் தெரியும். சீசனுக்குச் சீசன் மாடி அறையை வாடகைக்கு விட்டு, தன் வேனிலேயே அருவிக்குக் கூட்டிப் போகிறவன். அன்றைக்குச் சிவகிரியிலிருந்து பதினாறு பேர் வந்திருந்தார்கள். நேராக அருவிக்கடியில் தலையைக் கொடுப்பதாக, அறையிலேயே உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, வேனில் சீட்டுக்கு நனையாமல் பாலித்தீன் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்சக்கரத்து பிரேக்கில் சத்தம் வருகிறதென்று பாண்டி காலையில் மெக்கானிக் துல்கர்னைன் பாயைக் கூட்டிவந்து தெருவிலேயே வேலை பார்க்க வைத்திருந்தான். துல்கர்னைன் மேலகரத்தில் பட்டறை வைத்திருக்கிற ஐம்பது வயதுக்காரர், கை சுத்தமான வேலைக்காரர், ஆனால் ரோஷக்காரர். சக்கரத்தை மாட்டி, கையைத் துடைத்து, "எடுங்க வண்டியை" என்றார். எங்கள் வீட்டுக் கேட்டருகே காபி டம்ளரோடு நின்ற பிரம்மசக்தி கேட்டாள், "பாய், அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எங்க?"

"கடையில இருக்கும், போம்மா."

"இப்பத்தானே கையில வச்சிருந்தீங்க. இருக்கும்னு சொல்லுதீங்க. இருக்குன்னு சொல்லுங்க பாய்."

பாய் முகம் சிவந்துவிட்டது. பாண்டி, "ஏ தாயி, இது ஏரோப்ளேன் இல்ல, டெம்போ டிராவலரு" என்று சிரித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தான். இவள் டம்ளரைச் சுவரில் வைத்துவிட்டு வேனுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். "சக்கரத்துக்குள்ள கெடந்தா? அருவிக்குப் போற எறக்கத்துல போய் மாட்டுச்சுன்னா? கெடைக்கட்டும், அப்புறம் போங்க" என்றாள். உள்ளேயிருந்து பதினாறு பேரும் சத்தம் போட்டார்கள். ஒரு பெரியம்மா, "எண்ணெ கண்ணுல எறங்குதுட்டி, வழிய விடுட்டி!" என்று ஜன்னல் வழியாகத் துண்டை வீசினாள். தெரு கூடிவிட்டது. மஞ்சு என்னைப் பார்த்து, "பிள்ளையை உள்ள கூட்டிட்டு வாங்க, மானம் போகுது" என்றாள். அப்படித்தான் போனேன் மச்சான். சத்தியமாக அவளை உள்ளே கூட்டி வரத்தான் போனேன். பக்கத்தில் போனதும் பார்த்தேன், அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வேனை விட்டு அவள் நகரவில்லை. நான் வீட்டுக்குள் திரும்பிப் போய்ப் பழைய விசிலை எடுத்துக்கொண்டு வந்து ஊதினேன். "வண்டியை ஆஃப் பண்ணுலே!" என்றேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிவிட்டதென்று பாண்டிக்கும் தெரியும். ஆனாலும் ஆஃப் பண்ணிவிட்டான். விசில் அப்படி.

சக்கரத்தைத் திரும்பக் கழற்றினார்கள். இல்லை. இன்ஜின் பக்கம் தேடினார்கள். இல்லை. பதினாறு பேரையும் இறக்கிச் சீட்டுக்கடியில் தேடினார்கள். எண்ணெய் மனிதர்கள் தெருவில் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ளாமல் வரிசையாக நின்றார்கள். சாரல் வேறு விழுந்து, எண்ணெய் உடம்பின் மேல் உருண்டு உருண்டு ஓடியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். துல்கர்னைன் தெரு ஓரத்தில் உட்கார்ந்து தன் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டார். கை அப்படியே நின்றது. சட்டென்று ஜிப்பை இழுத்து மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் பார்த்துவிட்டேன். ஓய்வு பெற்றாலும் அந்தக் கண் எனக்கு அப்படியே இருக்கிறது. வாயைத் திறக்கப் போனேன். பிரம்மசக்தியும் பார்த்திருக்கிறாள். என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். போய் அவருக்குப் பக்கத்தில் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

"பாய், போன வாரம் நானும் என் பையிலயே வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் தேடுனேன்" என்றாள்.

அவர் நிமிரவில்லை. இவள் முழுக்கச் சொன்னாள். கண்ணாடி, சத்தியம் செய்தது, நூற்றெண்பது பேர், எல்லாம். தெருவே கேட்டது. கேட்டருகில் நின்ற மஞ்சுவும் கேட்டாள்.

"நீயா போய்ச் சொன்னியாம்மா?" என்று கேட்டார் பாய்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க. அப்புறம் பிளேனைக் கெளப்பி விட்டாங்க."

"சரியாப் போய்ச் சேந்துட்டா?"

"சேந்துட்டு."

"பிறகு நீ எதுக்கும்மா இங்கன இருக்கே?" என்று கேட்டார் பாய். அவர் எழுந்தார். பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்து எல்லாரும் பார்க்கத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "என் சோத்துப் பையிலதான் இருந்திச்சு. நான்தான் வச்சிருக்கேன். வண்டியில ஒண்ணும் கெடக்கல. இப்ப நான் சொல்லுதேன், இருக்கு" என்றார். பெரியம்மாதான் முதலில் பேசினாள், "கெடச்சிட்டுல்லா, பொறவு என்ன? ஏறுங்க, ஏறுங்க." அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, தண்ணீர் அதிகம் என்று காலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்த குளியலை அப்போதுதான் திறந்துவிட்டார்களாம். முன்னால் போன வண்டியெல்லாம் சும்மா நின்றதாம். தன் டைமிங்தான் டைமிங் என்று பாண்டி இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். மஞ்சு பாய்க்குக் காபி கொடுத்தாள். மகளை உள்ளே கூட்டிப்போய், சின்னப் பிள்ளைக்குத் துவட்டுவதுபோல் தலையைத் துவட்டிவிட்டாள். "இதை எங்கிட்டச் சொல்ல ஒனக்கு ஒரு வாரமாட்டி?" என்று மட்டும் கேட்டது எனக்குக் கேட்டது.

இதையெல்லாம் கேட்டால் நான் அவளை உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்றுதான் தாங்கள் சொல்வீர்கள். மச்சான், யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு சீசனில், அருவி ஒன்றில் தண்ணீர் திடீரென்று ஏறியது. பெண்கள் பக்கத்தைக் காலி செய்யச் சொல்லி எனக்கு உத்தரவு. விசில் ஊதினேன், எல்லாரையும் ஏற்றினேன், ஒருவருமில்லை என்று மேலே சொல்லிப் பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பெண் மூலையில் இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றிருக்கிறாள். சீயக்காய் விற்கிற ஒருவர் இறங்கி இழுத்துப் போட்டதால் உயிர் பிழைத்தாள், முழங்கை முறிந்தது. அச்சன்புதூர்க்காரி. நான் பார்த்த பிறகுதான் அவள் திரும்ப இறங்கினாள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். உண்மையில் அந்த மூலையை நான் பார்க்கவே இல்லை. பார்த்ததாக எனக்கும் கண்ணுக்குள் தெரிந்தது. அந்த அம்மாள் இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால், வளைந்த கையைத் தூக்கி "கும்பிடுதேன் ஐயா" என்கிறாள். பதினான்கு வருஷமாக நான் சொல்லாததை, என் மகள் கண்ணாடி கிடைத்த பத்து நிமிஷத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அதனால்தான் சொல்கிறேன். அவளுக்குத் தைரியம் இல்லை என்று நான் தடுக்கவில்லை. ஒரு வேனுக்கு முன்னால் நின்றதற்கே அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன். தினம் தினம் நூற்றெண்பது பேருக்காக அந்தக் கை நடுங்க வேண்டுமா? இவ்வளவு நேர்மையான பிள்ளையை இவ்வளவு பாரத்துக்குக் கீழே நிறுத்த எனக்கு மனமில்லை. இங்கேயே இருக்கட்டும். ஏதாவது குரூப் பரீட்சை எழுதட்டும், ஆபீஸில் காற்றாடிக்குக் கீழே உட்காரட்டும். மூன்றே இட்லி சாப்பிட்டாலும் என் கண் முன்னால் சாப்பிடட்டும். தாங்கள் மேனேஜரிடம் பேசி, அவள் பெயரை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். இது உறுதியான, மறுபரிசீலனைக்கு இடமில்லாத முடிவு.

அக்காவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். முழங்காலுக்கு மஞ்சு காய்ச்சிய எண்ணெய் ஒரு பாட்டில் யார் மூலமாவது அனுப்புகிறோம். காசி விசுவநாதர் தங்கள் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்வார்.

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
ஆ. சுடலைமணி

பின்குறிப்பு: சனிக்கிழமை. தபாலில் சேர்க்கலாம் என்று கடிதத்தை டிவி மேல் வைத்திருந்தேன். பிரம்மசக்தி எடுத்து முழுக்கப் படித்துவிட்டாள். ஒன்பது பக்கத்தையும் படித்துவிட்டு, "ரெண்டு தப்பு இருக்குப்பா. ஸ்பேனர் பத்தொம்பதாம் நம்பர். தேடுனது மூணு மணி நேரம் இல்ல, ரெண்டு மணி நாப்பது நிமிஷம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அச்சன்புதூர் அம்மா பேரு தெரியுமாப்பா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "வீடு?" அதுவும் தெரியும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நடுங்கினா நடுங்கிட்டுப் போகட்டும்ப்பா. நடுங்காதவனையா அங்க வேலை பாக்க விடணும்? நான் ஹேங்கருக்குப் போறேன். நீங்க அச்சன்புதூருக்குப் போங்க" என்றாள். நான் எழுதியிருக்கிற மறுபரிசீலனை பற்றிய வரியைக் காட்டினேன். சிரித்துவிட்டு டிக்கெட் போட்டுவிட்டாள். இன்று மாலை ரயில். மஞ்சு புளியோதரை கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் நாளைக் காலை முதல் பஸ்ஸில் அச்சன்புதூர் போகிறேன்.

ஆகவே மேலே கண்ட ஒன்பது பக்கமும் ரத்து. கிழித்துப் போடலாம் என்றேன். அவள்தான், மாமாவுக்கு எழுதியதை மாமாவிடம் கொடுக்காமல் இருப்பது சரியில்லை என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். எண்ணெய் பாட்டிலும் அவளிடமே இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தருகிறவள் இப்போது வாசலில்தான் நின்றுகொண்டிருப்பாள். முதலில் அவளை உள்ளே கூப்பிட்டுச் சாப்பிட வையுங்கள் மச்சான். ஆறு இட்லி.